புகழுக்கும் ஒரு விசாரணை

ஒருவரைப் புனிதர் என்று உலகுக்கு அறிவிக்குமுன், அவருக்கு எதிராக வாதாடவும் ஒருவரைத் திருச்சபை அமர்த்தியிருந்தது. திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1587-இல் ஏற்படுத்திய அப்பதவிக்கு ‘விசுவாசக் காவலர்’ என்பது முறையான பெயர். மக்கள் வழக்கிலோ அவர் ‘அலகையின் வழக்கறிஞர்’ ஆகிவிட்டார். பெயர்தான் அச்சமூட்டுவது, பணி தூயது. சொல்லப்படும் புதுமை உண்மையில் நடந்ததா, நற்பண்பு என்று போற்றப்படுவது வெறும் பிடிவாதம்தானா, சாட்சிகள் கண்டதைச் சொல்கிறார்களா அல்லது கேட்டதைச் சொல்கிறார்களா எனத் துருவித் துருவிக் கேட்பது அவர் கடமை. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1983-இல் புனிதர் பட்டத்துக்கான நடைமுறைகளைத் திருத்தியமைத்தபோது, அப்பதவி தன் பழைய வலிமையைப் பெரிதும் இழந்தது. என்றாலும் அதன் அடியில் இருந்த எண்ணம் நம் மதிப்புக்குரியது. வணக்கம் பெறவிருப்பது எதுவாயினும், அது முதலில் வழக்கைச் சந்திக்க வேண்டும்.

கலையுலகிலும் பீடமேற்றப்பட்டவை உண்டு. இன்ன இசைத்தட்டு, இன்ன திரைப்படம், இன்ன நாவல் என்று விமரிசகர்கள் ஒரு வரிசையை வகுத்துத் தருகின்றனர். அவ்வரிசை நூல்களிலும் கல்லூரிப் பாடங்களிலும் ஏறி, ஒரு தலைமுறைக்குப் பின் கேட்பாரின்றி நிலைத்துவிடுகிறது. போற்றப்படும் படம் நமக்குப் பிடிக்கவில்லையென்றால், குறை நம்மிடம்தான் என்று கூசிப்போகிறோம். அல்லது, படித்தவர்கள் செய்யும் பாசாங்கு இது என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறோம். முன்னது விசாரணையின்றிப் பட்டம் கொடுப்பது. பின்னது விசாரணையின்றி எரிப்பது.

ஒரே ஒரு படத்தை மட்டும் இங்கே கூண்டில் ஏற்றிப் பார்ப்போம். டென்மார்க்கைச் சேர்ந்த இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர் பிரான்சில் எடுத்து, 1928-இல் வெளிவந்த மௌனப் படமான ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ அது. இப்படத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல், சமூகத் தொடர்புக்கான திருப்பீட மன்றம் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், விழுமியங்கள், கலை என்னும் மூன்று பிரிவுகளில், பிரிவுக்குப் பதினைந்தாக அமைந்த அப்பட்டியலின் சமயப் பிரிவில் இப்படமும் இடம்பெற்றது. ஆகவே இங்கே பட்டம் கொடுத்தவர்கள் விமரிசகர்கள் மட்டும் அல்லர்.

புனித ஜோனைப் பற்றி நம்மவருக்கு நெடிய அறிமுகம் தேவையில்லை. புதுச்சேரியில் ‘கப்ஸ் கோயில்’ என்று மக்கள் வழங்கும் ஆலயத்துக்கு எதிரே நிற்கும் அவரது சலவைக்கல் சிலையைக் கண்டவர் பலர். தோம்ரெமி என்னும் சிற்றூரின் குடியானவர் மகள். தம்மை வழிநடத்துவதாக அவர் கேட்ட விண்ணகக் குரல்களை நம்பி, 1429-இல் ஓர்லியான் நகரின் முற்றுகையைத் தகர்த்து, ஏழாம் சார்லசுக்கு ரெய்ம்ஸ் பேராலயத்தில் முடிசூட்டு நடக்க வழிசெய்தார். மறு ஆண்டே பிடிபட்டு ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டார். ரூவான் நகரில் போவே ஆயர் பியர் கோஷோன் தலைமையில் கூடிய சமய நீதிமன்றம் அவரைத் தவறான கொள்கையினர் எனத் தீர்த்தது. 1431 மே 30 அன்று, ஏறத்தாழப் பத்தொன்பது வயதில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். அவருடைய தாய் முறையிட்டதன் பேரில், திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் ஆணையால் நடந்த மறுவிசாரணை, 1456 ஜூலை 7 அன்று பழைய தீர்ப்பு செல்லாது என அறிவித்தது. 1909-இல் முத்திப்பேறு பெற்றவர் பட்டமும், 1920-இல் புனிதர் பட்டமும் அளிக்கப்பட்டன. எரித்ததும் சமய நீதிமன்றம், பீடமேற்றியதும் திருச்சபை. இடையே கிட்டத்தட்ட ஐந்து நூற்றாண்டுகள்.

புனிதர் பட்டம் கிடைத்து ஏழாண்டுகளுக்குள், 1927-இல், டிரையர் படப்பிடிப்பைத் தொடங்கினார். அவர் பிரெஞ்சுக்காரரும் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர் என்பதால் தொடக்கத்திலேயே பிரான்சில் முணுமுணுப்பு எழுந்தது. வரலாற்று ஆலோசகராக அமைந்தவர் பியர் ஷாம்பியோன். ஜோனின் விசாரணை ஏடுகளைப் பதிப்பித்த அறிஞர். பெரும் பொருட்செலவில் ஒரு கோட்டையே எழுப்பினார்கள். வெண்ணிற வானத்துக்கு எதிரே சாம்பல் நிறமாகத் தெரியவேண்டும் என்பதற்காகச் சுவர்களுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். முடிவில் படத்தில் அக்கோட்டை முழுமையாகத் தெரியவே இல்லை! திரை முழுவதும் முகங்கள். பணம் போட்டவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம்.

ஜோனாக நடித்த ரெனே ஃபால்கொனெத்தி மேடை நடிகை. எவருக்கும் ஒப்பனை இல்லை. அந்நாளில் புதிதாக வந்திருந்த, எல்லா நிறங்களையும் உணரவல்ல படச்சுருளில், ஒளிப்பதிவாளர் ரூடால்ஃப் மாத்தே தோலின் சுருக்கத்தையும் மருவையும் வியர்வையையும் அப்படியே பதித்தார். தாழ்ந்த கோணத்துக்காகத் தரையில் குழி தோண்டிக் கேமராவை இறக்கினார்கள். தலை மழிக்கும் காட்சியில் ஃபால்கொனெத்தியின் தலைமுடி உண்மையாகவே வெட்டப்பட்டது.

இனி இப்படத்தின் புகழ் வளர்ந்த விதத்தைப் பார்ப்போம். படத்தைக் காட்டிலும் விந்தையான வரலாறு இது.

1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பாரிசில் அக்டோபரில்தான் வெளிவந்தது. அதற்குள் பாரிஸ் பேராயரின் வற்புறுத்தலாலும் அரசுத் தணிக்கையாலும், இயக்குநரின் இசைவின்றிப் பல பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன. ஆங்கிலப் படைவீரர்களைக் கொடியவர்களாகக் காட்டுகிறது என்று பிரிட்டனில் தடை. வசூலும் இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று பெர்லின் ஆய்வுக்கூடத்தில் ஏற்பட்ட தீயில் மூல நெகட்டிவ் எரிந்துபோயிற்று. டிரையர் மனம் தளராமல், படத்தில் சேர்க்காது விட்டிருந்த மாற்றுப் பதிவுகளைக் கொண்டு காட்சிக்குக் காட்சி இணையான இரண்டாம் வடிவம் ஒன்றைத் தொகுத்தார். 1929-இல் மற்றொரு தீ. அந்த இரண்டாம் நெகட்டிவும் அழிந்ததாகவே கருதப்பட்டது. ஜோனைப் பற்றிய படம் இருமுறை தீயிற்பட்டது என்று சொல்லிச் சொல்லி மகிழாத திரைப்பட நூல் இல்லை.

ஆக, எஞ்சியவை வெட்டுண்ட படிகளும் தேய்ந்த நகல்களுமே. 1951-இல் லோ தூக்கா என்பவர் கோமோன் நிறுவனத்தின் கிடங்கில் இரண்டாம் வடிவத்தின் நெகட்டிவ் ஒன்றைக் கண்டெடுத்தார். எழுத்து அட்டைகளை மாற்றியும், பாஹ், விவால்டி முதலானோரின் இசையைச் சேர்த்தும் மறு ஆண்டு வெளியிட்டார். டிரையருக்கு இது உடன்பாடில்லை. இந்த நிலையில்தான் பட்டங்கள் வரத் தொடங்கின. லண்டனிலிருந்து வெளிவரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952-இல் விமரிசகர்களிடம் உலகின் சிறந்த பத்துப் படங்களைக் கேட்டபோது, இப்படம் வேறு இரு படங்களோடு ஏழாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியையொட்டி 26 நாடுகளின் 117 திரைப்பட அறிஞர்கள் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தபோது, நான்காம் இடம். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் கொதார், தம் படமொன்றின் நாயகியைத் திரையரங்கில் உட்கார்ந்து ஃபால்கொனெத்தியின் முகத்தைப் பார்த்துக் கண்ணீர் விடவைத்தார். அதன்பின் இப்படம் தொட்டுப் பார்க்க முடியாத உயரத்துக்குச் சென்றுவிட்டது.

இங்கேதான் நம் அலகையின் வழக்கறிஞர் எழுந்து நிற்கவேண்டும். இந்த அறிஞர்கள் எதைப் பார்த்து வாக்களித்தார்கள்? டிரையர் தொகுத்த முதல் வடிவம் முழுமையாக எங்கும் இல்லை என்றே அன்று எல்லாரும் நம்பினர். அவர்களுள் பெரும்பாலோர் கண்டிருக்கக்கூடியது சிதைந்த படியை, அல்லது இரண்டாம் வடிவத்தை. மூத்தோர் சிலரிடம் எஞ்சியிருந்தது இளமையில் கண்ட நினைவு. காணாமற்போன ஒன்றைப் புகழ்வது மிக எளிது. குறை கண்ட இடத்தில் ‘இது வெட்டுண்டதன் விளைவு’ என்று சொல்லிவிடலாம். நிறைவுகளை மட்டும் இயக்குநர் கணக்கில் எழுதலாம். நடிகையைக் கல்தரையில் முழங்காலிடச் செய்து வதைத்தார் என்பது போன்ற படப்பிடிப்புக் கதைகளும், புனிதர் வரலாறுகளில் புதுமைகள் பெருகுவதுபோலப் பெருகின.

பட்டியல்களின் நிலையாமையும் வழக்கறிஞருக்குக் கைகொடுக்கும். அதே லண்டன் இதழின் பத்தாண்டுக் கணிப்பில் 1952-இல் முதலிடம் பெற்ற ‘சைக்கிள் திருடர்கள்’, 1972-க்குள் முதற் பத்திலிருந்தே இறங்கிவிட்டது. 1952-இல் பத்துக்குள் இல்லாத ‘சிட்டிசன் கேன்’, 1962 முதல் 2002 வரை முதலிடத்தில் அசையாமல் வீற்றிருந்து, பிறகு இறங்கியது. நம் படமோ ஊஞ்சலாடியது. 1952-இல் பத்துக்குள், 1962-இல் வெளியே, 1972-இல் உள்ளே, 1982-இல் வெளியே, 1992-இல் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யோடு ஒரே இடத்தைப் பகிர்ந்து உள்ளே, 2002-இல் வெளியே, 2012-இல் ஒன்பதாம் இடம், 2022-இல் மறுபடி பத்துக்கு அப்பால். இத்தனை ஆட்டமும் கலையின் தரத்தை அளந்தன என்று நம்புவது கடினம். கேட்கப்பட்டவர்கள் மாறினர், காலத்தின் சுவை மாறியது, அவ்வளவே.

ஆனால் 1981-இல், பிற புகழ்பெற்ற படங்களுக்கு வாய்க்காத ஒரு சோதனை இதற்கு வாய்த்தது. நார்வேயில் ஆஸ்லோவை அடுத்த டிக்கெமார்க் மனநல மருத்துவமனையின் அலமாரி ஒன்றில் சில படச்சுருள் பெட்டிகள் கிடைத்தன. திறந்து பார்த்தபோது, அது டேனிய மொழி எழுத்து அட்டைகளோடு கூடிய, வெட்டுப்படாத முதல் வடிவம். பட்டம் கொடுப்பதற்குமுன் புனிதரின் கல்லறையைத் திறந்து பார்ப்பது மரபு. இங்கே பட்டம் கொடுத்து முப்பதாண்டு கழித்துக் கல்லறை திறந்தது. உள்ளே இருந்தது பேருக்குத் தக்கதாக இராமற்போயிருக்கலாம். எதிர்பார்ப்பு நொறுங்கியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

நொறுங்கவில்லை. கிடைத்த படி, சிதைந்த நகல்களைக் காட்டிலும் எளிமையானதாக, தெளிவானதாக இருந்தது. வெட்டுகளால் தாவித் தாவிச் சென்றதாகத் தோன்றிய படம், ஒரே மூச்சாக நடந்தது. காதுக்குப் பேரிசை ஒன்றும் ஒட்டவைக்கப்படாத நிலையிலும் முகங்கள் தம்மைத் தாமே தாங்கின. நினைவில் பெருகிய புகழ் அனைத்தும் பொய் அன்று என்பதற்கு இதைவிட நேரிய சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. மிக வலிமையான குற்றச்சாட்டு ஒரு கத்தோலிக்கரிடமிருந்தே வந்தது. பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் பிரெஸ்ஸோன், டிரையரின் நடிகர்கள் முகத்தை அஷ்டகோணலாக்கி வேடிக்கை காட்டுகிறார்கள் என்றும், விண்ணை நோக்கி விழிகளை உயர்த்தும் ஃபால்கொனெத்தி பார்ப்பவரை அழவைத்தது உண்மையால் அன்று என்றும் கருதினார். பேச்சோடு நில்லாமல் 1962-இல் ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணை’ என்னும் படத்தை எடுத்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடும் படம். விசாரணை ஏட்டில் உள்ளதன்றி வேறு பேச்சில்லை. தொழில்முறை நடிகர்களும் இல்லை. எவரும் அழுது புரள்வதுமில்லை. அவ்வாண்டு கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசை அப்படம் பகிர்ந்துகொண்டது.

பிரெஸ்ஸோன் சொன்னதை முழுவதும் ஏற்க இயலவில்லை. ஆயினும் அவர் விரல் வைத்த இடம் சரியானது. டிரையரின் நீதிபதிகளைப் பாருங்கள்: தொங்கும் கன்னங்கள், மருக்கள், எச்சில் தெறிக்கும் வாய், குழியிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் கேமராவில் பூதம்போல் எழும் தலைகள். அவர்களுக்கு எதிரே கண்ணீர் வழியும் ஒரு தூய முகம். ஜோனுக்கு இரங்கும் இளந்துறவியாக அந்தோனன் ஆர்த்தோவும், அவர் காலடியில் விழுந்து வணங்கும் முதிய குரு ஒருவரும் விதிவிலக்கு. மற்றபடி நல்லவர் யார், தீயவர் யார் என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடுகிறது. பார்க்கும் நாம் ஒரு கணமேனும் நீதிபதிகளின் இருக்கையில் நம்மைக் காண்பதில்லை. படம் முழுவதும் ஜோனின் பக்கத்தில் சொகுசாக நிற்கிறோம்.

வரலாற்றில் நடந்தது அப்படி அன்று. கோஷோன் மூடர் அல்லர். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். அப்பல்கலைக்கழகத்தின் இறையியல் அறிஞர்களே ஜோனின் கூற்றுகளைக் கண்டித்துக் கருத்து அனுப்பினார்கள். எழுத்தர்கள் ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் பொறுப்போடு குறித்தனர். அரசியல் பகையும் ஆங்கிலேயப் பணமும் பின்னால் இருந்தன என்பது மெய்தான். ஆனால் அந்த மண்டபத்தில் அமர்ந்திருந்தவர்களுள் பலர், திருச்சபையைக் காக்கிறோம் என்று நம்பியே வாக்களித்தனர். அவர்களுடைய முகங்கள் நம் ஊர்ப் பெரியவர்களின் முகங்களைப் போலச் சாதாரணமாகவே இருந்திருக்கும். ரூவான் விசாரணையின் உண்மையான கொடுமை அதுதான். அருவருப்பான முகங்களைக் காட்டி டிரையர் அந்தக் கொடுமையிலிருந்து நம்மைத் தப்பவிட்டுவிடுகிறார். ‘வரலாற்று உண்மைக்கு மிக நெருங்கிய படம்’ என்று இதற்கு வழங்கப்படும் பாராட்டு இதனால் பொருந்தாததாகிறது. மாதக்கணக்கில் நீண்ட விசாரணையை ஒரே நாளுக்குள் அடக்கியதைக்கூட மன்னிக்கலாம். கலைக்கு அந்த உரிமை உண்டு. இதை அவ்வளவு எளிதில் விட முடியவில்லை.

ஏட்டில் காணும் ஜோன் அழுகை மட்டும் உடையவர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். துடுக்கானவர், விரைந்து சினப்பவர், படை நடத்தியவர். தூய மிக்கேல் ஆடையின்றித் தோன்றினாரா என்று கேட்டவர்களிடம், அவருக்கு உடுத்தக் கடவுளிடம் துணி இராதா என்று திருப்பிக் கேட்டவர். அருள்நிலையில் இருக்கிறாயா என்ற கேள்விக்கு, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் வலையில் விழுந்திருப்பார். இல்லாவிடில் இறைவன் தம்மை அந்நிலையில் வைப்பாராக, இருந்தால் அதிலேயே காப்பாராக என்ற பொருளில் விடை சொல்லி நீங்கினார். டிரையர் இவற்றை எழுத்து அட்டைகளில் சேர்த்திருக்கிறார். ஆனால் அட்டையில் உள்ள கூர்மை முகத்தில் இல்லை. முகம் துயரத்தை மட்டுமே அறிகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, படம் எதனால் நிற்கிறது? அதன் தலைப்பிலேயே விடை இருப்பதாகத் தோன்றுகிறது. டிரையர் எழுதியது ஜோனின் வரலாற்றை அன்று, ஜோனின் பாடுகளை. வைக்கோல் முடி சூட்டி எள்ளும் காவலர், மறுதலிப்பு, மறுதலிப்புக்காக வரும் மனவருத்தம், இறுதி நற்கருணை, மக்கள் கூட்டம் என நிலை நிலையாகக் கதை நகர்கிறது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை செய்து பழகியவருக்கு இந்த நடை அந்நியமன்று. நம் ஆலயச் சுவர்களில் தொங்கும் சிலுவைப்பாதைப் படங்களிலும் சேவகர்களின் முகங்கள் விகாரமாகத்தானே வரையப்பட்டுள்ளன! பழைய பக்தி மரபின் குணமும் குற்றமும் ஒருங்கே இப்படத்தில் இறங்கியிருக்கின்றன. ஆறாம் நிலையில் வெரோணிக்கா நீட்டும் துகிலில் ஆண்டவரின் திருமுகம் பதிகிறது. டிரையரின் திரை அத்தகைய துகில். விமரிசகர்கள் ‘அண்மைக் காட்சியின் உத்தி’ என்று பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான் என்றாலும், உத்தி என்ற சொல் போதாது.

ஒரு காட்சி மட்டும் குறிப்பிடத் தகும். உயிருக்கு அஞ்சி ஜோன் மறுதலிப்பு ஏட்டில் கையொப்பமிட்டுவிட்டார். ஆயுள் சிறை என்று தீர்ப்பு. சிறைக்கூடத்தில் அவர் தலையை மழிக்கிறார்கள். வீழ்ந்த முடியைப் பெருக்கித் தள்ளும்போது, முன்னர் காவலர் ஏளனமாகச் சூட்டிய வைக்கோல் முடியும் அக்குப்பையோடு போகிறது. அதைக் காண்கிறார் ஜோன். அந்தக் கணத்தில் முகம் மாறுகிறது. நீதிபதிகளைத் திரும்ப அழைக்கச் சொல்கிறார். தாம் கையொப்பமிட்டது பொய் என்கிறார். எது அவரை மாற்றியது என்று எந்த அட்டையும் விளக்குவதில்லை. வரலாற்றேட்டில் இல்லாத இந்தத் துடைப்பமும் வைக்கோலும், ஏட்டில் இல்லாத ஓர் உண்மையைச் சொல்கின்றன. ஃபால்கொனெத்தியின் கண்ணீரை மிகை என்று தள்ளிய பிரெஸ்ஸோனால்கூட இக்காட்சியைத் தள்ளியிருக்க முடியுமா என்பது ஐயமே.

என் கணக்கில், இப்படத்துக்குக் கிடைத்த பட்டம் நிற்கிறது. பட்டத்தோடு சேர்த்து ஓதப்பட்ட காரணங்களுள் பாதி நிற்கவில்லை. வரலாற்று நேர்மைக்காக எவரும் இதை நாடவேண்டாம். அதற்குப் பிரெஸ்ஸோனின் படம் இருக்கிறது. பங்குகளிலோ இளையோர் கூட்டங்களிலோ திரையிட எண்ணுவோர், இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் காட்டலாம். டிரையரை முதலில், ஆஸ்லோ படியிலிருந்து சீரமைக்கப்பட்ட வடிவத்தில், இயன்றால் பின்னணி இசையின்றி. பிரெஸ்ஸோனை மறுநாள். முதல் நாள் அழுதவர்கள் இரண்டாம் நாள் அந்தச் சாதாரண முகங்களை எதிர்கொள்ளட்டும். அதன்பின் விளக்குகளைப் போட்டுவிட்டு, கோஷோனைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.